ஈர்க்குக் குத்திய காலும் உருமாறும் ஒரு கலமும்



உயர்தர உயிரியலில் நிர்ப்பீடனம் என்ற அலகைப் படிக்கும்போது நம்மில் பலர் பெயர்களைப் பாடமாக்குவதோடு நின்றுவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். மொனோசைற்று என்றால் குருதியில் உள்ள பெரிய வெண்குழியம், மக்ரோபேஜ் என்றால் இழையத்தில் உள்ள தின்குழியம், முதலாவதிலிருந்து இரண்டாவது உண்டாகிறது. இவ்வளவும் எழுதினால் புள்ளி கிடைக்கும். இந்த ஒரு வரிக்குள் எவ்வளவு விடயம் இருக்கிறது என்பதை என் உம்மும்மாவின் கால்தான் எனக்குக் கற்றுத் தந்தது. அதனால்தான் இந்தப் பாடத்தை அவரின் கதையோடு சேர்த்து எழுதுகிறேன்.

உம்மும்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு காலையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவரின் இடது காலில், சின்ன விரலுக்குக் கீழே, விளக்குமாற்று ஈர்க்கு ஒன்று குத்தியது. அவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மஞ்சள் பூசிக்கொண்டார். நாலைந்து நாள் கழித்து அந்த இடம் சிவந்து வீங்கியிருந்ததை நான் கண்டேன்.

“ஒண்டுமில்ல மகள், நோவே இல்ல. நோம்பு வருது, வாப்பாட காதுல போட்டுறாத. டொக்டர்கிட்ட கூட்டிப் போய் நோம்பு பிடிக்க வேணாமெண்டு செல்லிடுவாங்க” என்றார்.

அந்த வாரம் எனக்குத் தவணைப் பரீட்சை. உயிரியல் வினாத்தாளில் அழற்சியின் அறிகுறிகளைக் கேட்டிருந்தார்கள். சிவத்தல், வீக்கம், வெப்பம், நோ என்று நான்கையும் எழுதினேன். வீட்டில் உம்மும்மாவின் காலில் மூன்று இருந்தது, நான்காவது இல்லை. நோ இல்லாமல் இருப்பது நல்லது என்று நான் நினைத்துக்கொண்டேன். வாப்பாவிடம் சொல்லவில்லை.

முள்ளைச் சுற்றிக் கூடிய கலங்கள்

தின்குழியங்களின் கதையும் ஒரு முள்ளோடுதான் தொடங்குகிறது. 1882இல் எலீ மெச்னிக்கோவ் என்ற விஞ்ஞானி இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகரில் தங்கியிருந்தார். கடல் உயிரினங்களின் குடம்பிகளை ஆராய்வது அவரது வேலை. நட்சத்திர மீனின் குடம்பி கண்ணாடி போல ஊடு தெரியும் உடலைக் கொண்டது. அதனுள்ளே சில கலங்கள் அங்குமிங்கும் அசைந்து திரிவதை அவர் நுணுக்குக்காட்டியில் கண்டார். இவை உடலைக் காக்கும் கலங்களாக இருக்குமோ என்று அவருக்குத் தோன்றியது. அப்படியானால் உடலுக்குள் அந்நியப் பொருள் ஒன்று புகுந்தால் அவை அதைச் சுற்றிக் கூட வேண்டும். தோட்டத்து ரோசா முட்களை எடுத்துக் குடம்பியின் உடலில் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது அந்தக் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன.

இவற்றுக்குத் தின்குழியங்கள் என்ற பெயர் வந்தது. அவற்றில் பெரியவற்றை அவர் மக்ரோபேஜ் என்றார். கிரேக்க மொழியில் ‘மக்ரோ’ என்றால் பெரியது, ‘பேஜ்’ என்றால் தின்பது. 1908இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் போல் ஏர்லிக் என்பவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது.

என்பு மச்சையில் பிறப்பு

மொனோசைற்று என்பு மச்சையில் பிறக்கிறது. அங்கே குருதிக்கலங்கள் எல்லாவற்றுக்கும் தாயான தண்டுக்கலங்கள் இருக்கின்றன. ஒரு தண்டுக்கலம் பிரிந்து உண்டாகும் மகட்கலங்களில் சில செங்குழியமாகும் வழியிலும், சில நிணநீர்க்குழியமாகும் வழியிலும், சில தின்குழியமாகும் வழியிலும் செல்கின்றன. எமது கலத்தின் வழியை இப்படி வரிசைப்படுத்தலாம்.

1. தண்டுக்கலம்: எந்தக் குருதிக்கலமாகவும் ஆகக்கூடியது.
2. முன்னோடிக்கலம்: சிறுமணிக் குழியங்களுக்கும் மொனோசைற்றுக்கும் பொதுவானது. இங்கே தெரிவுகள் குறைந்துவிடுகின்றன.
3. மொனோபிளாஸ்ற்று: இனி மொனோசைற்று வழிதான் என்று உறுதியான கலம்.
4. புரோமொனோசைற்று: மேலும் பிரிந்து பெருகுகிறது. கரு சற்று உள்மடியத் தொடங்குகிறது.
5. மொனோசைற்று: குருதிக்குள் செல்ல ஆயத்தமான கலம்.

எந்த வழியில் போவது என்பதை அயலிலிருந்து வரும் இரசாயனச் செய்திகள் தூண்டுகின்றன. அவற்றில் முக்கியமானது எம்-சி.எஸ்.எப் எனப்படும் ஒரு புரதம். இந்தச் செய்தியை ஆக்க முடியாத ஒரு வகை எலி ஆய்வுகூடங்களில் உண்டு. அந்த எலிகளில் மக்ரோபேஜ்கள் மிகக் குறைவு. அத்துடன் அவற்றின் என்புகள் அளவுக்கு மிஞ்சித் தடித்துப் போகின்றன, பற்கள் வெளியே வருவதில்லை. காரணம், பழைய என்பைக் கரைத்து எடுக்கும் கலங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கரைப்பவர் இல்லாவிட்டால் என்பு தடித்துக்கொண்டே போகும்.

குருதியில் ஒரு சிறு பயணம்

குருதியிலுள்ள வெண்குழியங்களில் ஏறத்தாழ 2 முதல் 8 சதவீதம் மொனோசைற்றுகள். ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் சாதாரணமாக 200 முதல் 800 வரை இருக்கும். செங்குழியத்தின் விட்டம் 7 அல்லது 8 மைக்ரோமீற்றர். மொனோசைற்றின் விட்டமோ 12 முதல் 20 வரை. அதன் கரு அவரை விதை போல அல்லது குதிரை லாடம் போல வளைந்திருப்பதால் படத்தில் இலகுவாக அடையாளம் காணலாம்.

பெரும்பாலான மொனோசைற்றுகள் குருதியில் ஓரிரு நாட்களே சுற்றுகின்றன. இந்த நேரத்தில் அவற்றை முழு வளர்ச்சி பெற்றவை என்று சொல்ல முடியாது. ஓரளவு தின்னவும் செய்தி அனுப்பவும் அவற்றால் முடியும். ஆனால் அவற்றின் பெரிய வேலை இனித்தான் வரவிருக்கிறது. மண்ணீரலிலும் மொனோசைற்றுகளின் ஒரு சேமிப்பு இருக்கிறது என்று 2009இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. அவசரம் வரும்போது அங்கிருந்தும் அவை புறப்படுகின்றன.

சுவரைக் கடத்தல்

ஈர்க்கு குத்திய இடத்தில் சேதமுற்ற கலங்களும், ஏற்கெனவே அங்கு குடியிருக்கும் மக்ரோபேஜ்களும் அபாயச் செய்திகளை வெளிவிடுகின்றன. அதனால் அருகிலுள்ள சிறு குருதிக்குழாய்கள் விரிகின்றன, அவற்றின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. பாய்ந்து செல்லும் மொனோசைற்று முதலில் சுவரில் பட்டுப் பட்டு உருளுகிறது. பிறகு உறுதியாக ஒட்டிக்கொள்கிறது. அடுத்ததாகத் தட்டையாகி, சுவர்க்கலங்களுக்கு இடையே உள்ள ஒடுங்கிய இடைவெளியால் தன்னை நுழைத்து வெளியே வருகிறது. கதவிடுக்கால் பூனை நுழைவது போல என்று எங்கள் உயிரியல் மிஸ் சொல்வார். வெளியே வந்தபின் இரசாயனச் செய்தி எந்தப் பக்கம் செறிவாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஊர்ந்து போகிறது.

காயத்துக்கு முதலில் வருபவை நியூற்றோபில்கள். அவை சில மணி நேரத்திலேயே வந்து சேர்கின்றன. மொனோசைற்றுகள் அவற்றுக்குப் பின்னால் வருகின்றன. மூன்றாம் நாளளவில் காயத்தில் மிகுதியாக இருப்பவை மக்ரோபேஜ்களே.

கலம் வளர்ந்து பெரியதாதல்

இழையத்துக்குள் வந்த மொனோசைற்று சும்மா பெயரை மாற்றிக்கொள்வதில்லை. அதன் பருமன் 5 முதல் 10 மடங்கு வரை பெருக்கிறது. சமிபாட்டு நொதியங்கள் நிறைந்த இலைசோசோம்கள் எண்ணிக்கையில் கூடுகின்றன. மேற்பரப்பில் மடிப்புகளும் கால் போன்ற நீட்சிகளும் தோன்றுகின்றன. கிருமியையும் இறந்த கலத்தையும் இனங்காணும் வாங்கிகள் மென்சவ்வில் அதிகரிக்கின்றன. பரம்பரை அலகுகளில் சில அணைந்து வேறு சில விழித்துக்கொள்வதால் இந்த மாற்றங்கள் நடக்கின்றன. ஓரிரு நாள் ஆயுளோடு குருதியில் திரிந்த கலம் இப்போது வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் வாழக்கூடியதாகிறது.

பற்றீரியா ஒன்றைச் சந்தித்தால் நீட்சிகளால் அணைத்து உள்ளே எடுக்கிறது. அதை ஒரு புடகத்துக்குள் அடைத்து, இலைசோசோமோடு இணைத்துச் சமித்துவிடுகிறது. மிச்சத்தில் ஒரு சிறு துண்டை வெளியே தூக்கிக் காட்டி, ‘இதுதான் எதிரி’ என்று நிணநீர்க்குழியங்களுக்கு அறிவிக்கிறது. சில கிருமிகள் இந்த முறையையும் ஏமாற்றும். காச நோய்ப் பற்றீரியா தன்னை அடைத்த புடகம் இலைசோசோமோடு சேராமல் தடுத்து, மக்ரோபேஜுக்குள்ளேயே குடியிருக்கிறது. எங்களை வருடா வருடம் பயமுறுத்தும் டெங்கு வைரசு பெருகும் இடங்களில் மொனோசைற்றும் ஒன்று.

தின்பதோடு வேலை முடிவதில்லை

நான் இதுவரை கவனிக்காத பகுதி இதுதான். மக்ரோபேஜுக்குக் காயத்தில் இரண்டு வேலை இருக்கிறது. முதல் நாட்களில் அது போராளி. கிருமிகளைக் கொல்கிறது, அழற்சியைக் கூட்டும் செய்திகளை அனுப்புகிறது. அதன் பிறகு, வேலை முடிந்து இறந்துபோன நியூற்றோபில்களைத் தின்னத் தொடங்குகிறது. அப்படித் தின்பதே அதன் குணத்தை மாற்றும் தூண்டல்களில் ஒன்று. இப்போது அது அழற்சியைத் தணிக்கும் செய்திகளை அனுப்புகிறது, புதிய குருதிக்குழாய்கள் முளைக்கவும் கொலாஜன் நார்கள் உருவாகவும் தூண்டுகிறது. சண்டை பிடித்த ஆளே பிறகு மேசன் வேலைக்கு வந்து நிற்பது போல.

இது எவ்வளவு அவசியம் என்பதை 1975இல் லீபோவிச், ரோஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கினிப் பன்றிகளின் உடலில் மொனோசைற்றுகளையும் மக்ரோபேஜ்களையும் மிகவும் குறைத்துவிட்டு அவற்றின் காயங்களைக் கவனித்தார்கள். காயத்தில் கழிவுகள் அகற்றப்படாமல் தேங்கின. புதிய நார்கள் உருவாவதும் தாமதமாயிற்று. மக்ரோபேஜ் துப்புரவுக்காரர் மட்டுமல்ல, கட்டுமானத்தை நடத்துபவரும்கூட என்பது அதிலிருந்து விளங்கியது.

எல்லா மக்ரோபேஜும் மொனோசைற்றா?

பரீட்சைக்குத் தோற்றும் தோழியர் இதைக் கவனிக்கவும். 1960களின் இறுதியில் வான் பர்த், கோன் என்ற ஆய்வாளர்கள், இழையங்களிலுள்ள மக்ரோபேஜ்கள் அனைத்தும் குருதி மொனோசைற்றிலிருந்தே வருகின்றன என்ற கருத்தை முன்வைத்தார்கள். பல வருடம் புத்தகங்களில் அப்படியே இருந்தது. 2010இலும் அதற்குப் பிறகும் எலிகளில் நடந்த ஆய்வுகள் அதைத் திருத்தின. மூளையில் உள்ள நுண்கிளியா என்ற மக்ரோபேஜ்கள் குழந்தை கருவாக இருக்கும்போதே, என்பு மச்சை உருவாகும் முன்னரே, கருவூண் பையில் தோன்றி மூளைக்குச் சென்று குடியேறியவை. ஈரலில் உள்ள கூப்பர் கலங்களிலும் நுரையீரலின் சிற்றறை மக்ரோபேஜ்களிலும் பெரும்பகுதி பிறப்பதற்கு முன்பே அங்கு சேர்ந்தவை. அவை அங்கேயே பிரிந்து தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. குடலில் உள்ளவை பெரும்பாலும் மொனோசைற்றுகளால் தொடர்ந்து நிரப்பப்படுகின்றன. காயத்துக்கு ஓடி வருபவையும் பெரும்பாலும் மொனோசைற்றிலிருந்து ஆனவையே.

ஆகவே மக்ரோபேஜ்களில் பழைய குடிகளும் உண்டு, புதிதாக வந்தவர்களும் உண்டு. எங்கே குடியிருக்கிறதோ அந்த இடத்துக்கு ஏற்ற வேலையை அது பழகிக்கொள்கிறது. மண்ணீரலில் இருப்பவை 120 நாள் ஓடிக் களைத்த செங்குழியங்களைத் தின்று இரும்பை மீட்டுக் கொடுக்கின்றன. நுரையீரலில் இருப்பவை நாம் சுவாசிக்கும் தூசைத் தின்கின்றன.

உம்மும்மாவின் காலில் என்ன பிழைத்தது?

மூன்றாவது வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. அப்போதுதான் உம்மா துணியை அவிழ்த்துப் பார்த்தார். விரல் கறுத்துப் போயிருந்தது. அன்றிரவே வாட்டில் சேர்த்தோம். குருதிப் பரிசோதனை அறிக்கையை நான் வாங்கிப் பார்த்தேன். வெண்குழியங்கள் கூடியிருந்தன. மொனோசைற்று 6 சதவீதம் என்று இருந்தது. எண்ணிக்கையில் குறைவில்லை. பிறகு ஏன் புண் ஆறவில்லை என்று வாட்டிலிருந்த பெண் டொக்டரிடம் கேட்டேன்.

“இது குருதியில போறவங்கட கணக்கு மட்டும்தான் மகள். புண்ணுக்குள்ள போய் என்ன செய்றாங்க எண்டு இந்தத் தாள் சொல்லாது” என்று சொல்லிவிட்டு, நேரமில்லாத நேரத்திலும் எனக்கு விளக்கினார்.

சீனி நீண்டகாலம் கூடியிருந்தால் மூன்று விடயங்கள் ஒன்றாக நடக்கின்றன. முதலாவது, காலின் நரம்புகள் பழுதடைந்து நோ தெரியாமல் போகிறது. இரண்டாவது, குருதிக்குழாய்கள் பழுதடைவதால் காலுக்குப் போதிய குருதி வருவதில்லை. வர வேண்டிய கலங்களும் ஒட்சிசனும் குறைகின்றன. மூன்றாவது, வந்து சேர்ந்த மக்ரோபேஜ்கள் சரியாகத் தின்பதில்லை, இறந்த கலங்கள் தேங்குகின்றன. அதனால் அவை போராளி நிலையிலிருந்து கட்டுநர் நிலைக்கு மாறாமல் அப்படியே நின்றுவிடுகின்றன. சண்டை ஓயாத இடத்தில் கட்டுமானம் தொடங்குவதில்லை. புண் ஆறாமல் இருக்க, கிருமி ஆழத்துக்குப் போய்விடுகிறது.

என் மனதில் நின்றது முதலாவது விடயம்தான். உம்மும்மா “நோவே இல்ல” என்றது பொய்யில்லை. அவருக்கு உண்மையாகவே நோ தெரியவில்லை. அதுதான் ஆபத்தின் அடையாளம். நான்கு அறிகுறிகளையும் தாளில் எழுதிய நான், வீட்டில் நான்காவது ஏன் இல்லை என்று கேட்கவில்லை.

சின்ன விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்று சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ், பாதம் தப்பியது. விரல் எடுத்த இடம் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் சென்றது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து கட்டுவதற்கு நான்தான் அவரைக் கூட்டிச் சென்றேன். முதலில் மஞ்சளாகவும் ஈரமாகவும் இருந்த புண், சீனி கட்டுப்பாட்டுக்கு வந்த பிறகு, மெல்ல மெல்ல மாதுளை முத்துப் போலச் சிவந்தது. அந்தச் சிவப்பு புதிதாக முளைத்த குருதிக்குழாய்களின் நிறம் என்று தாதி சொன்னபோது, மக்ரோபேஜ்கள் வேலை மாறிவிட்டன என்று நான் விளங்கிக்கொண்டேன்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

சீனி வருத்தம் உள்ள பெரியவர்கள் நம்மில் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! அவர்களுக்காக, எங்களுக்கு கிளினிக்கில் சொல்லித் தந்தவற்றை எழுதுகிறேன்.

1. முற்றத்துக்குப் போகும்போதும் வீட்டுக்குள்ளும் செருப்பு அணியச் செய்யுங்கள்.
2. ஒவ்வொரு நாளும் கால்களின் அடியையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். பெரியவர்களுக்குக் குனிந்து பார்க்க முடியாது, கண் பார்வையும் குறைவாக இருக்கும். இது பிள்ளைகளின் வேலை.
3. வுழூ எடுத்தபின் விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் தோல் வெடிக்கும். நாளைக்கு ஐந்து முறை காலைக் கழுவும் நாம், ஒரு முறையாவது அதைக் கவனித்துப் பார்க்கலாமே.
4. நோ இல்லாத காயத்தையும் காயமாகவே கணக்கெடுங்கள். சிறு புண்ணானாலும் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள், எண்ணெய் என்று வீட்டு மருந்தோடு நாளைக் கடத்த வேண்டாம்.
5. நோன்புக்கு முன்பே டொக்டரைச் சந்தித்து மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. நோன்பு தவறிவிடும் என்ற பயத்தில் காயத்தை மறைக்கும் நிலை எவருக்கும் வரக் கூடாது.

தங்கைமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். “வாப்பாவிடம் சொல்லாதே” என்று ஒரு பெரியவர் சொன்னால் அந்தச் சொல்லைக் காப்பது மரியாதை என்றுதான் நான் நினைத்தேன். உடம்பு விடயத்தில் அந்த மரியாதை வேண்டாம். சொல்லிவிடுங்கள். ஏசினாலும் பரவாயில்லை.

அந்தத் தவணைப் பரீட்சை வினாவுக்கு எனக்கு முழுப் புள்ளி கிடைத்திருந்தது. தாளைக் கொண்டு வந்து காட்டியபோது உம்மும்மா சிரித்துக்கொண்டு, “சரியாத்தானே எழுதீக்கிறாய்” என்றார். இப்போது இஷாத் தொழுகை முடிந்ததும் நான் கேட்காமலே காலை நீட்டிவிடுகிறார். நான் கைவிளக்கைப் பிடித்துப் பார்க்கிறேன். மீதி ஒன்பது விரலும் நன்றாக இருக்கின்றன.